கறுப்புத் திரையில் நம் விலாசம்

பழைய மாணவர் மலர் என்றாலே மரத்தடி, கேன்டீன், ஹாஸ்டல் வார்டன், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடிப் பிடித்த பஸ் என்றுதான் கட்டுரைகள் வரும். கட்டிடங்களின் வரலாற்றையும் முதல்வர்களின் வரலாற்றையும் என்னைவிட மூத்தவர்கள் எழுதுவார்கள். மலர்க்குழுவினர் என்னிடம், "நீ நெட்வொர்க் வேலையில் இருக்கிறாய், இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகமாக ஏதாவது எழுது" என்று கேட்டார்கள். ஆகவே, நம் கம்ப்யூட்டர் லேபில் நாம் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்த, பார்த்தும் படிக்காமல் விட்ட ஒரு சின்ன ஜன்னலின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது.

விண்டோஸ் எக்ஸ்பி ஞாபகம் இருக்கிறதா? 2001-ல் வந்து, 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிய அதே எக்ஸ்பி. ஸ்டார்ட், பிறகு ரன், 'சிஎம்டி' என்று அடித்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்து என்டர் தட்டினால் மூன்று நான்கு வரிகள். கூடவே ஒரு சாய்கோடு போட்டு 'ஆல்' என்று சேர்த்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு வரிகள். 2004-லிருந்து 2008 வரை நான் இங்கே படித்த காலத்தில், "அண்ணே, நெட் வரலை" என்று யார் போய் நின்றாலும் லேப் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "கான்ஃபிக் பாத்தியா?" என்பதுதான். பார்க்காமல் வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கடைசி வரிசையில் இருந்த சில பழைய மெஷின்களில் விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ரன் பெட்டியில் 'வின்ஐபிசிஎஃப்ஜி' என்று அடிக்க வேண்டும். கறுப்புத் திரை வராது, சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வரும். 'ரிலீஸ்', 'ரின்யூ' என்று பொத்தான்கள் இருக்கும். விண்டோஸ் 95-ல் வந்த அந்தப் பெட்டி 98, எம்.இ. வரைக்கும் இருந்து, பிறகு மறைந்துவிட்டது. ஐபிகான்ஃபிக் வேறு வீட்டுப் பிள்ளை. 1994-ல் விண்டோஸ் என்.டி. 3.5-உடன் வந்தது, இன்றைய விண்டோஸ் வரை இருக்கிறது. இரண்டுக்கும் மூத்தவர் ஒருவர் உண்டு. பெர்க்லி யூனிக்ஸில், 1983-ல் வந்த 4.2 பி.எஸ்.டி.யில் இருந்த 'இஃப்கான்ஃபிக்'. கட்டளை மாறினாலும் சொல்கிற சேதி ஒன்றுதான்: இந்த மெஷினுக்கு விலாசம் என்ன, வெளியே போக வழி என்ன?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அந்த விலாசத்தைப் பற்றித்தான். நம் ஊர்ப் பக்கம் கம்ப்யூட்டர்களுக்கு விலாசம் இல்லாமல் இருந்தது, ஒரு காலத்தில் கிடைத்தது, பிறகு கைவிட்டுப் போனது, இப்போது மறுபடி கிடைத்துக்கொண்டிருக்கிறது. இந்த நான்கும் அந்தத் திரையில் பதிவாகியிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

வரி வரியாக

முதலில் அந்த வரிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவோம்.

'பிசிகல் அட்ரஸ்' என்று ஒரு வரி. இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி. இது நெட்வொர்க் கார்டு பிறக்கும்போதே அதற்குக் குத்தப்படும் மச்சம். முதல் மூன்று ஜோடி கார்டு செய்த கம்பெனியைச் சொல்லும், மீதி மூன்று அந்தக் கார்டின் வரிசை எண். 1973-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காஃப் தொடங்கிவைத்த ஈதர்நெட்டின் வாரிசு இது. கேபிள் டி.வி. அண்ணன்கள் நம் தெருக்களுக்கு இன்டர்நெட் இழுத்துக் கொடுத்த நாட்களில், இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போவார்கள். கார்டை மாற்றினால் லைன் வராது. மறுபடி அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும்.

'ஐ.பி. அட்ரஸ்' இரண்டாவது. நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். கார்டுக்கு மச்சம் பிறவியில் வந்தது. இது குடியிருக்கும் இடத்தைப் பொறுத்து வருவது. இதன் இலக்கணத்தை 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 என்ற ஆவணம் வகுத்தது. பதிப்பாசிரியர் ஜான் போஸ்டல். உலகத்துக்கே கதவிலக்கம் பங்கிட்டுக் கொடுத்த கணக்கப்பிள்ளை அவர்தான். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! 1998-ல் அவர் காலமாகும் வரை அந்தக் கணக்கு அவர் பொறுப்பிலேயே இருந்தது.

'சப்நெட் மாஸ்க்' அடுத்தது. 255.255.255.0 என்று இருந்தால், விலாசத்தின் முதல் மூன்று எண்கள் தெருப்பெயர், கடைசி எண் வீட்டு நம்பர் என்று அர்த்தம். ஒரு தெருவில் 254 வீடுகள். மாஸ்க் தப்பாக இருந்தால், பக்கத்து பெஞ்சு மெஷினைப் பக்கத்து ஊர் என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் விழிக்கும்.

'டிஃபால்ட் கேட்வே' என்பது தெருமுனை. நம் தெருவுக்குள் இல்லாத எதற்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். முடிச்சூரிலிருந்தோ சேலையூரிலிருந்தோ ஊருக்குள் போகிறவர்கள் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்து ரயில் பிடிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'டி.எச்.சி.பி. சர்வர்' என்பது விலாசத்தைக் கையில் கொடுக்கிற இடம். 1993-ல் வகுத்தது. அதற்கு முன்பு பெரும்பாலும் ஒவ்வொரு மெஷினிலும் கையால்தான் எண்ணைப் போட வேண்டியிருந்தது. இரண்டு பேர் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் சண்டை. 'லீஸ்' என்று கீழே இரண்டு வரிகள் வருமே, எப்போது கிடைத்தது, எப்போது முடிகிறது என்று? விலாசம் சொந்தம் இல்லை, குத்தகை என்பதைத்தான் அது சொல்கிறது.

'டி.என்.எஸ்.' கடைசி. நாம் பெயரைச் சொல்கிறோம், நெட்வொர்க்குக்கு எண் வேண்டும். ஆதியில் உலகத்தில் இருந்த எல்லா மெஷின்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபீன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. பெயர் பெருகப் பெருக ஃபைல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் அதைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை வகுத்தார். அதுதான் டி.என்.எஸ்.

விலாசம் இல்லாத காலம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் என்று நாம் சொல்லும் ஏற்றுமதி மண்டலம் 1984-ல் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1986-ல், மத்திய அரசின் மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க்கைத் தொடங்கியது. பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி., டில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஐ.ஐ.டி.கள், பம்பாயில் இருந்த என்.சி.எஸ்.டி., மின்னணுத் துறை ஆகிய எட்டு இடங்கள்தான் முதலில். நம் பக்கத்தில் கிண்டி ஐ.ஐ.டி.யோடு கதை நின்றது. அங்கேயும் முதலில் வெறும் மெயில்தான். டெலிபோன் லைனில் ஒரு மெஷின் இன்னொரு மெஷினைக் கூப்பிட்டு, மூட்டையைக் கொடுத்துவிட்டு, போனை வைத்துவிடும். 1992-க்குள் இந்த நிலையங்கள் 9.6 கிலோபிட் வாடகை லைன்களால் இணைந்தன. பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்கு 64 கிலோபிட்டில் ஒரு லைன் போனது. இன்று ஒரு செல்போனில் ஒரு போட்டோ அனுப்புகிற வேகம்கூட இல்லை, அதில் இந்தியாவின் கல்வி உலகமே காத்திருந்தது!

எர்நெட்டின் விலாசங்கள் 144.16 என்று தொடங்கின. இன்னொரு விஷயம், அப்போது டி.சி.பி./ஐ.பி.தான் ஜெயிக்கும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. ஓ.எஸ்.ஐ. என்ற போட்டி முறையையும் எர்நெட் கூடவே ஓட்டியது. 1995 வாக்கில்தான் ஏறக்குறைய எல்லாமே ஐ.பி.க்கு வந்து சேர்ந்தது.

சாதாரணக் கல்லூரி லேப்களில் அந்தக் காலத்தில் டாஸ், நாவல் நெட்வேர். கறுப்புக் கோஆக்சியல் கேபிள், மெஷினுக்கு மெஷின் 'டி' வடிவ இணைப்பு, இரண்டு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர். யாராவது காலால் இடறி ஒன்று கழன்றால் வரிசை முழுக்கப் படுத்துவிடும். மூத்த அண்ணன்மார் இதைப் படிக்கும்போது சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். நெட்வேரில் ஐ.பி. அட்ரஸே கிடையாது. 'யூசர்லிஸ்ட்' என்ற கட்டளையோடு சாய்கோடு போட்டு 'ஏ' சேர்த்தால் யார் எந்தக் கார்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். அவ்வளவுதான். லேபின் சுவருக்கு வெளியே அந்த மெஷின்களை யாருக்கும் தெரியாது. விலாசமும் இல்லை, தேவையும் இல்லை.

202.54 தந்த கௌரவம்

1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. முதலில் திறந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 24-ல், விண்டோஸ் 95 வெளியானது. அதுவரை விண்டோஸ் 3.1-ல் இன்டர்நெட் பார்க்க வேண்டுமென்றால், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பீட்டர் டாட்டம் என்பவர் எழுதிய 'டிரம்பெட் வின்சாக்' என்ற சாஃப்ட்வேரைத் தேடிப் போட வேண்டும். உபயோகித்தவர்களில் பெரும்பாலோர் அவருக்குக் காசு கட்டவில்லை என்பது உலகறிந்த விஷயம். விண்டோஸ் 95-ல் டி.சி.பி./ஐ.பி. உள்ளேயே வந்துவிட்டது.

வி.எஸ்.என்.எல்.லில் இரண்டு வகை. மாணவர்களுக்குக் கட்டுப்படியானது 'ஷெல்' அக்கவுண்ட். வெறும் எழுத்துதான், படம் கிடையாது. லின்க்ஸில் படிக்கலாம், பைனில் மெயில் பார்க்கலாம். அங்கே இன்டர்நெட்டில் இருந்தது வி.எஸ்.என்.எல்.லின் மெஷின்தான். நம் கம்ப்யூட்டர் அதன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. நமக்கு விலாசம் கிடையாது. விலை கூடின டி.சி.பி./ஐ.பி. அக்கவுண்ட் வைத்திருந்தவர் வீட்டில் கதையே வேறு. மோடம் கத்தி முடித்ததும் வின்ஐபிசிஎஃப்ஜி திறந்து, 'பி.பி.பி. அடாப்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், 202.54 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும்.

அந்த எண்ணின் மதிப்பு அன்று பலருக்குப் புரியவில்லை. போன் வைக்கும் வரைதான் அது நமக்கு; குத்தகைதான். ஆனால் அந்த அரைமணி நேரம், தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் உலகத்தில் வேறு எந்தக் கம்ப்யூட்டருக்கும் சமானம். அமெரிக்காவில் இருக்கும் ஒருவன் அந்த எண்ணை அடித்து நேரே நம் வீட்டுக் கதவைத் தட்டலாம். நம் வீட்டிலேயே ஒரு வெப் சர்வர் ஓட்டி, ஊருக்கே பக்கம் காட்டலாம். வேகம் போதாது என்பது வேறு. கதவு நம்முடையது.

'மே/பா' காலம்

1998 நவம்பரில் தனியார் கம்பெனிகளும் இன்டர்நெட் கொடுக்கலாம் என்று ஆனது. சென்னையிலிருந்து புறப்பட்ட சத்யம் இன்ஃபோவே முதலில் களம் இறங்கியது. குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜெராக்ஸ் கடைகளும் எஸ்.டி.டி. பூத்களும் பிரவுசிங் சென்டர்களாக மாறின. ஒரு டெலிபோன் லைன், ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. ஒரே லைனை ஆறு பேருக்கு எப்படிப் பங்கு போடுவது? 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே அதற்கு வழி இருந்தது. லைன் இருக்கும் மெஷின் 192.168.0.1 ஆகிவிடும். மற்றவை 192.168.0 என்று தொடங்கும் எண்களை வாங்கிக்கொள்ளும். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது இதே ஏற்பாடு மோடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நம் கல்லூரி லேபில் நான் பார்த்த எல்லா மெஷினிலும் 192.168 தான்.

இந்த எண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு. உலகத்தில் கோடிக்கணக்கான இடங்களில் இதே எண் இருக்கிறது. 1996 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் மூன்று எண் வரிசைகளைத் 'தனியார் உபயோகத்துக்கு' என்று ஒதுக்கியது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் காம்பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே செல்லாது. இதில் 10 என்பது இன்டர்நெட்டின் பாட்டியான அர்ப்பாநெட்டின் பழைய எண். 1990-ல் அதை மூடியபின் காலியாகக் கிடந்த வீட்டு நம்பரைத்தான் இன்று ஐ.டி. கம்பெனிகள் எல்லாம் உபயோகிக்கின்றன!

ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்களுக்கும், மெப்ஸ் கம்பெனிகளில் வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியவர்களுக்கும் இது நன்றாகப் புரியும். ஊரிலிருந்து வரும் கடிதத்தில் நம் பெயருக்குக் கீழே 'மே/பா' என்று போட்டு வீட்டுக்காரர் பெயரும் விலாசமும் இருக்கும். தபால்காரருக்கு நம்மைத் தெரியாது, வீட்டுக்காரரைத்தான் தெரியும். அவர் வாங்கி உள்ளே கொடுத்தால் உண்டு. 192.168 என்பது மே/பா விலாசம். வெளியே போகும் நம் கடிதத்தில் மோடம் தன் விலாசத்தைப் போட்டு அனுப்பும். பதில் வந்தால் யாருக்கு என்று நினைவில் வைத்திருந்து கொடுக்கும். ஆனால் நாம் முதலில் எழுதாமல், வெளியிலிருந்து யாராவது நம்மைத் தேடி வந்தால்? "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று திருப்பிவிடும்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மெயில் வந்தது, பாட்டு வந்தது, ரிசல்ட் பார்த்தோம். எங்கள் பேட்சில் சில பையன்கள் ப்ராஜெக்டுக்காக ஒரு வெப் சர்வரை ராப்பகலாக உட்கார்ந்து எழுதினார்கள். பக்கத்து பெஞ்சில் அருமையாகத் திறந்தது. பெருங்களத்தூரில் இருக்கும் வீட்டிலிருந்து திறந்து அப்பாவுக்குக் காட்டலாம் என்றால் திறக்கவில்லை. ப்ரோக்ராமில் ஒரு குறையும் இல்லை. விலாசம் இல்லை, அவ்வளவுதான். மே/பா விலாசக்காரன் வாங்கலாம், கொடுக்க முடியாது. கேட்கலாம், கூப்பிட முடியாது. ஒரு தலைமுறை மாணவர்கள் இன்டர்நெட் என்றால் யாரோ தருவது, நாம் வாங்குவது என்று நினைத்து வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் இந்தப் பஞ்சம்? ஐ.பி. விலாசம் 32 பிட். மொத்தமே 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் எண்கள்தான் இருக்க முடியும். எழுபதுகளில் அதை முடிவு செய்த விண்ட் செர்ஃப், ஒரு பரிசோதனைக்கு இது தாராளம் என்று நினைத்ததாகப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு வாரி வழங்கினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு - நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. - 18 என்று தொடங்கும் எல்லா எண்களும், அதாவது 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் கிடைத்தது. ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு! 140 கோடி பேர் இருக்கும் இந்தியா முழுவதற்கும் இன்றுவரை கிடைத்தது சுமார் 4 கோடிதான். பந்திக்கு முந்தியவர்களுக்கு வடை பாயசம், பிந்தியவர்களுக்கு ரசம். அந்த எம்.ஐ.டி. 2017-ல் தன் எண்களில் ஒரு பகுதியை விற்றது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் மட்டும் 2000-லேயே தன் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பாராட்ட வேண்டும்.

2011 பிப்ரவரி 3-ல் உலகக் கையிருப்பு தீர்ந்தது. அதே வருஷம் ஏப்ரல் 15-ல் நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் அமைப்பும் கடைசி மூட்டையைப் பிரித்து, இனி உறுப்பினர் ஒருவருக்கு 1,024 எண்தான் என்று ரேஷன் போட்டது. பிறகு மோடத்துக்கே சொந்த விலாசம் இல்லாமல் போனது. உங்கள் ரூட்டரின் வெளிப்பக்க எண் 100.64-லிருந்து 100.127 வரைக்குள் இருந்தால், உங்கள் வீட்டுக்காரரே இன்னொரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார் என்று அர்த்தம். மே/பா-வுக்குள் ஒரு மே/பா!

ஆனால் இதே கறுப்புத் திரை நம் பகுதிக்குச் சோறும் போட்டது. 2000-க்குப் பிறகு எத்தனையோ பேருக்கு முதல் வேலை, ராத்திரி ஷிஃப்டில் டெக்னிகல் சப்போர்ட். ஜி.எஸ்.டி. ரோட்டில் சுமோ வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கடல் தாண்டி இருக்கும் ஓர் அமெரிக்கப் பாட்டியிடம் "மேடம், ஸ்டார்ட் அழுத்துங்கள், ரன் அழுத்துங்கள்" என்று பொறுமையாகச் சொல்லி, ஐபிகான்ஃபிக் அடிக்க வைத்து, அவர் படிக்கும் எண்ணைக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரிகளாக இருந்த எத்தனையோ பேர் அந்தச் சம்பளத்தில் தங்கைக்குக் கல்யாணம் செய்தார்கள், வீட்டுக் கடன் அடைத்தார்கள்.

கோளாறு எங்கே?

இனி மாணவர்களுக்காகக் கொஞ்சம் பாடம். லேப் அண்ணன் வழியில் சொல்கிறேன்.

முதலில் கான்ஃபிக் பார். 169.254 என்று எண் தொடங்கினால் மேலே போகவே வேண்டாம். விலாசம் கேட்டு டி.எச்.சி.பி.யைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பதில் வராமல் மெஷின் தானே வைத்துக்கொண்ட எண் அது. விண்டோஸ் 98-லிருந்து இந்தப் பழக்கம். கேபிளைப் பார், ஸ்விட்சைப் பார். எண் சரியாக இருந்தால் 'பிங்' எடு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானி எழுதியது; நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் சத்தத்தை வைத்துப் பெயர் வைத்தார். முதலில் 127.0.0.1. அது நம்மையே நாம் கூப்பிடுவது. பதில் வந்தால் உள்ளே டி.சி.பி./ஐ.பி. சரி. அடுத்து நம் சொந்த எண். அடுத்து கேட்வே. பதில் இல்லையென்றால் கோளாறு நம் காம்பவுண்டுக்குள். வந்தால், வெளியே தெரிந்த ஓர் எண். அதுவும் வந்து, பெயர் அடித்தால் மட்டும் வரவில்லை என்றால் டி.என்.எஸ். உள்ளேயிருந்து வெளியே, ஒவ்வொரு படியாக. படி தாண்டாதே.

இந்த ஒழுங்கின் அருமையை 2008 ஜனவரி 30-ஆம் தேதி பார்த்தோம். காலையிலிருந்து நெட் இழுத்துக்கொண்டே இருந்தது. கான்ஃபிக் சரி. கேட்வே ஒரு மில்லி செகண்டில் பதில் சொன்னது. இந்திய எண்கள் வந்தன. 'டிரேஸ்ரூட்' போட்டால் ஐரோப்பா பக்கம் போகிற வழியில் நட்சத்திரக் குறிகளாக வந்தன. லேபில் யார் தலையிலும் பழி போடாமல், "இது நம்ம ஊர்க் கோளாறு இல்லடா" என்று சொல்ல முடிந்தது. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலுக்கடியில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்கள் அறுந்திருந்தன. சீ-மீ-வீ 4 நம் சென்னையிலும் கரையேறுகிற கேபிள். சிங்கப்பூர் பக்கம் போகும் கேபிள்கள் வழியாகப் போக்குவரத்தைத் திருப்பிச் சமாளித்தார்கள். சென்னையில் கிழக்கே பார்த்த கதவும் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

2015 டிசம்பரில் வேறு பாடம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மின்சாரம் போனது, செல் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒரு சிக்னலுக்காக மொட்டை மாடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேர்! விலாசம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. தெருமுனைக்குப் பாதை இருக்க வேண்டும், ஒரு பாதை போனால் இன்னொரு பாதை இருக்க வேண்டும். இன்று நான் எந்த அலுவலகத்துக்கு நெட்வொர்க் வரைந்து கொடுத்தாலும் இரண்டாவது கேட்வே எங்கே என்பதை முதலில் குறிக்கிறேன்.

இரண்டு தண்டவாளங்கள்

பஞ்சத்துக்கு மருந்து 1995 டிசம்பரிலேயே காகிதத்தில் வந்துவிட்டது. ஐ.பி.வி.6. விலாசம் 32 பிட்டுக்குப் பதில் 128 பிட். எண்ணிக்கையைச் சொல்ல 34-க்குப் பின்னால் 37 பூஜ்யம் போட வேண்டும். ஆனால் பழைய முறையை நிறுத்திவிட்டு ஒரே நாளில் புதியதற்கு மாற முடியாது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பீச்-தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் மீட்டர் கேஜில் தொடங்கியது. பிறகு அகலப்பாதை வந்தது. பல வருஷம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. 2004-ல்தான் மீட்டர் கேஜ் மின்சார வண்டி ஓய்வு பெற்றது. அதே மாதிரி இப்போது இரண்டு ஐ.பி.யும் ஒரே கம்பியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எக்ஸ்பியில் ஐ.பி.வி.6 வேண்டுமென்றால் நாமே சேர்க்க வேண்டும். 2007-ல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில் தானாகவே இருந்தது. அன்றிலிருந்து கறுப்புத் திரையில் ஒரு சொல் மாறியது. அதுவரை வெறும் 'ஐ.பி. அட்ரஸ்' என்று இருந்த வரி 'ஐ.பி.வி.4 அட்ரஸ்' ஆனது. தம்பி பிறந்த பிறகுதானே மூத்த பிள்ளை 'பெரியவன்' ஆகிறான்!

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது செல்போன். 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது ஐ.பி.வி.6-ஐ நம்பியே கட்டினார்கள். மற்றக் கம்பெனிகளும் வந்தன. பழைய எண் பங்கீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த இந்தியா, இன்று ஐ.பி.வி.6 உபயோகத்தில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ரசம் மட்டும் கிடைத்தவன்தான் புது அடுப்பு மூட்டுவான்.

ஆனால் ஒன்று. செல்போன் இந்தத் திரையை நம் கண்ணில் காட்டுவதில்லை. எங்கேயோ ஏழு தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறது. நெட் வரவில்லையா, ஆஃப் செய்து ஆன் செய். அதோடு சரி. விலாசம் இல்லாத நாட்களில் நமக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. விலாசம் கிடைத்திருக்கும் நாட்களில் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. இது எனக்குக் கவலை தருகிறது.

ஆகவே, இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். லேபில் ஏதாவது ஒரு மெஷினில் உட்காருங்கள். கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் அடியுங்கள். 192.168 அல்லது 10 என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேலே 2 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.ஈ.80 என்று தொடங்குவது கணக்கில்லை, அது தெருவுக்குள் மட்டும் செல்லும். 2 என்று தொடங்குவது இருந்தால் உங்களுக்கு உலகத்தில் சொந்த விலாசம் இருக்கிறது. ஃபயர்வாலில் காவல் போட்டு, தேவையான கதவை மட்டும் திறந்து வைத்து, உங்கள் ப்ராஜெக்டை உங்கள் மேஜையிலிருந்தே உலகத்துக்குக் காட்டலாம். இல்லையென்றால் ஏன் இல்லை என்று லேப் பொறுப்பாளரிடம் போய்க் கேளுங்கள். நிர்வாகத்துக்கு எழுதுங்கள். பழைய மாணவர்களில் என்னைப் போல நெட்வொர்க் தொழிலில் இருப்பவர்கள் ஏராளம். ஒரு சனிக்கிழமை வந்து கூட உட்கார்ந்து செய்து கொடுக்கத் தயாராக இருக்கிறோம். சங்கத்தின் வழியாகச் சொல்லி அனுப்பினால் போதும்.

எங்கள் தலைமுறை மே/பா விலாசத்தில் படித்து முடித்தது. உங்கள் கடிதங்கள் உங்கள் பெயருக்கே வரட்டும்.